கிணற்று மோட்டாருக்கு எந்தக் காது: 567-ஆ, 8870-ஆ, மைக்ரோகண்ட்ரோலரா?

எங்கள் பெரியப்பாவின் தோட்டம் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டிலிருந்து கிணற்றுக்கு நடந்தால் கால் மணி நேரம் ஆகும். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று வந்துகொண்டிருந்த காலத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டும் தடியுமாகப் போய் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வருவார். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, நீ எலக்ட்ரானிக்ஸ்தான படிச்ச? படுத்த எடத்துலயே மோட்டார் போடற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

யோசனை புதிதல்ல. ஒரு பழைய பட்டன் போனை ஸ்டார்ட்டர் பெட்டி அருகே வைத்து, இயர்போனைச் செருகி, அழைப்பு வந்தால் தானாக எடுக்கும்படி அமைத்துவிட வேண்டும். வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு 5-ஐ அழுத்தினால் இயர்போன் வயரில் ஒரு பீப் ஒலி வரும். அதை அடையாளம் கண்டு, ரிலே என்ற மின்காந்த ஸ்விட்சை இழுக்க ஒரு சின்னச் சர்க்யூட் போதும். பொறியியல் கல்லூரிகளில் ஒரு காலத்தில் வருடத்துக்கு வருடம் செய்த 'மொபைலால் ஓடும் ரோபோ' இதே சரக்குதான். அதில் சக்கரம் சுற்றும், இங்கே தண்ணீர் வரும்.

அந்தப் பீப்பை அடையாளம் காண என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எல்எம்567 என்ற எட்டு பின் (கால்) ஐசி, எம்டி8870 என்ற பதினெட்டு பின் ஐசி, அப்புறம் கோர்ட்செல் என்ற கணக்குமுறையை ஓட்டும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நாமே நிரல் எழுதிப் போடும் குட்டிக் கணினிச் சில்லு. மூன்றையுமே செய்து பார்த்தேன். எதை எங்கே வைக்கலாம் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பீப்பைப் பார்த்துவிடுவோம். அது இரண்டு ஒலிகள் சேர்ந்தது. போனின் பொத்தான்களில் குறுக்கு வரிசைகள் நான்கு. அவற்றுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுக்கு வரிசைகள் மூன்று. அவற்றுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5 இரண்டாம் குறுக்கும் நடு நெடுக்கும் சந்திக்கும் இடம். ஆகவே அதை அழுத்தினால் 770-உம் 1336-உம் ஒன்றாக ஒலிக்கும். 1633 ஹெர்ட்ஸில் நான்காவது நெடுக்கு ஒன்றும் உண்டு, ஏ முதல் டி வரையான நான்கு பொத்தான்களுக்காக. நம் கையில் இருக்கும் போன்களில் அவை இருக்காது. இந்த முறைக்கு டிடிஎம்எஃப் என்று பெயர். அமெரிக்காவின் பெல் நிறுவனம் டச்-டோன் என்ற பெயரில் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னெகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் இதை முதலில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது.

ஒன்று போதாதா, எதற்கு இரண்டு ஒலி? ஒற்றை ஒலியின் கதை என்ன ஆனது என்பது எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே ஓடிய அமெரிக்க டிரங்க் லைன்களைப் பார்த்தால் தெரியும். அங்கே 2600 ஹெர்ட்ஸ் ஒலி இருந்தால் அந்த லைன் சும்மா இருக்கிறது என்று பொருள். ஜோ எங்ரெஷியா என்ற பார்வையற்ற பையன் வாயாலேயே சரியாக அந்தச் சுருதியில் விசில் அடித்து எக்ஸ்சேஞ்சை ஏமாற்றினார். காலை உணவு டப்பாவில் இலவசமாகப் போட்டுத் தந்த ஒரு பொம்மை விசிலும் அதையே செய்தது. ஒருவர் வாயிலிருந்து ஒரே சமயத்தில் 770-உம் 1336-உம் சுத்தமாக, ஏறத்தாழ ஒரே பலத்தில் வருவது அபூர்வம். மேலும், இந்த எண்களில் எதுவும் இன்னொன்றின் மடங்காக வராதபடி பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள்.

அபூர்வம் என்றுதான் சொன்னேன், நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. பேச்சும் பாட்டும் எப்போதாவது ஒரு நொடியின் துணுக்கில் இந்த ஜோடிகளில் ஒன்றைப்போல அமைந்துவிடும். கேட்கும் சர்க்யூட் அதைப் பொத்தான் என்று எடுத்துக்கொள்ளும். தொலைபேசித் துறையில் இதற்கு டாக்-ஆஃப் என்று பெயர். பீப் வந்தால் விளக்கு எரியும்படி செய்வது ஒரு மாலை வேலை. பீப் அல்லாத எல்லாவற்றுக்கும் எரியாமல் இருக்கச் செய்வதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். நான் மூன்று வழிகளையும் எடைபோட்டது இந்த ஒரு தராசில்தான்.

மோட்டாரில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் இருக்கிறது. பச்சைப் பொத்தானை ஒரு கணம் அமுக்கினால் போதும், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்தக் காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடும். அதாவது நம் சர்க்யூட் ஒரு கணம் ஏமாந்து ரிலேயை லேசாக இழுத்தாலும் மோட்டார் ஓட ஆரம்பித்து, யாராவது நிறுத்தும் வரை ஓடும். கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் வறண்டு ஓடும். வறண்டு ஓடும் மோட்டாருக்குச் சுமை குறைவு, கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும். அதனால் கரண்ட் அதிகமானால் மட்டும் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அதைக் காப்பாற்றாது, சும்மா இருக்கும்.

567: மலிவான காது, மாறும் மனது

567-க்குள் ஒரு ஆஸிலேட்டர், அதாவது தானாகவே ஒரு சுருதியில் அலை எழுப்பும் சர்க்யூட், ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒலி அதன் சுருதிக்கு அருகில் வந்தால் ஆஸிலேட்டர் அதைப் பற்றிக்கொண்டு கூடவே ஓடும். பற்றியதும் எட்டாவது பின் தாழ்நிலைக்கு இறங்கும். அந்தப் பின் 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் சின்ன ரிலேயை நேரடியாகவே ஓட்டலாம். சுருதியை வைப்பது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும்தான்: இரண்டின் பெருக்கலை 1.1-ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் அதிர்வெண் வரும். 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டால் 770 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 11.8 கிலோ ஓம் தேவை, 1336-க்கு 6.8 கிலோ ஓம். ஒரு நிலையான ரெசிஸ்டரோடு, திருகினால் அளவு மாறும் ரெசிஸ்டரான ஒரு பிரீசெட்டைச் சேர்த்துத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

பன்னிரண்டு பொத்தான்களையும் பிரித்தறிய ஏழு 567-உம் அவற்றின் வெளியீடுகளைச் சேர்க்கக் கேட்டுகளும் வேண்டும். ஏழு பிரீசெட்டுகளைத் திருகும் பொறுமை எனக்கு இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பொத்தான். இரண்டு 567, ஒரு நார் கேட். இரண்டு ஐசியும் ஒரே சமயத்தில் தாழ்நிலைக்கு வந்தால் நார் கேட் மேலே போகும். கிரிஸ்டல் இல்லை, புரோகிராம் இல்லை. மேசையில் அருமையாக வேலை செய்தது. பெருமையோடு கொண்டுபோய் மாட்டினேன்.

சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. டிடிஎம்எஃப்பில் அமெரிக்க வழக்கப்படி ஒலி 1.5 சதவீதம் வரை விலகினாலும் ஏற்க வேண்டும், 3.5 சதவீதத்தைத் தாண்டினால் மறுக்க வேண்டும். 770-இல் 1.5 சதவீதம் என்பது பதினொன்றரை ஹெர்ட்ஸ்தான். நான் போட்டிருந்த சாதா செராமிக் டிஸ்க் கெப்பாசிட்டர் சூட்டிலேயே அதைவிட அதிகம் நகர்ந்திருக்கும். பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் போட்ட பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. போகவில்லை, குறைந்தது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உள்ளே இருக்கிறது. 567 எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையைப் பற்றும் என்பது வரும் ஒலியின் பலத்தைப் பொறுத்தது. 200 மில்லி வோல்ட்டுக்குக் கீழே, ஒலி நான்கு மடங்கு பலமானால் பட்டை இரண்டு மடங்கு அகலமாகும். 100 மில்லி வோல்ட் உள்ளீடும் இரண்டாம் பின்னில் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தால், 770-இல் பட்டை மொத்தம் 12 சதவீதம் வரும். அதாவது 724 முதல் 816 வரை எது வந்தாலும் 'ஆமாம்' என்று சொல்லும். கெப்பாசிட்டரை 10 மைக்ரோ ஃபாரடுக்கு ஏற்றினால் 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும். ஆனால் பற்றுவதற்கு எடுக்கும் நேரமும் கூடும். இறுக்கினால் தாமதம், தளர்த்தினால் ஏமாற்றம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மைக்ரோகண்ட்ரோலரிடமும் இது திரும்ப வரும்.

அப்புறம் அது நடந்தது. பதிவுசெய்த குரலில் ஏதோ விற்கும் விளம்பர அழைப்பு ஒன்று அந்தப் போனுக்கு வந்தது. போன் தன் வழக்கப்படி தானாக எடுத்தது. பின்னணி இசையோடு ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. மோட்டார் ஓட ஆரம்பித்தது. நல்லவேளையாகப் பெரியப்பா பக்கத்துப் பாத்தியில் நின்றிருந்தார். "யாரு கண்ணு போட்டது?" என்று எனக்குப் போன் செய்து கேட்டார். லோன் வேணுமா என்று கேட்ட அம்மணிதான் போட்டது என்று எப்படிச் சொல்வது?

567-ஐக் குறை சொல்லிப் பயனில்லை. ஒலி குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், கூடவே வேறு ஒலிகள் இருக்கின்றனவா, இரண்டு ஒலிகளின் பலமும் ஏறத்தாழ சமமா என்றெல்லாம் அது கேட்பதில்லை. கேட்கும்படி நான் செய்யவும் இல்லை. அதற்குச் சரியான இடம் வேறு ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

8870: வேறு வேலை தெரியாத நிபுணர்

மைட்டெல் என்ற கனடா நிறுவனத்தின் எம்டி8870 டிடிஎம்எஃப்பைத் தவிர வேறெதுவும் செய்யாது. அதுவே அதன் பலம். உள்ளே ஃபில்டர்கள் முதலில் தாழ்ந்த நான்கு ஒலிகளையும் உயர்ந்த நான்கு ஒலிகளையும் இரண்டு பாதைகளாகப் பிரிக்கும். அப்புறம் ஒவ்வொரு பாதையிலும் அலை எத்தனை வேகத்தில் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்க்கும். எண்ணுவதற்கான கடிகாரம் 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இந்த விசித்திர எண் அமெரிக்கக் கலர் டிவியிலிருந்து வந்தது. டிவிக்காக லட்சக்கணக்கில் செய்ததால் மலிவாகக் கிடைத்தது, தொலைபேசிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். கிரிஸ்டல் சூட்டில் நகர்வது கடுகளவு. திருகுவதற்கு எதுவுமே இல்லை என்பது, ஏழு பிரீசெட்டைக் கற்பனை செய்து பார்த்தவனுக்குப் பெரிய நிம்மதி.

இயர்போன் வயரிலிருந்து 0.1 மைக்ரோ ஃபாரட், 100 கிலோ ஓம் வழியாக உள்ளீடு. பின்னூட்டத்துக்கு இன்னொரு 100 கிலோ ஓம். ஏறத்தாழ 27 மில்லி வோல்ட்டிலிருந்து 870 மில்லி வோல்ட் வரை ஏற்கும் என்பதால் பழைய போனின் இயர்போன் ஒலி வசதியாக அதற்குள் அடங்கிவிடும். அழுத்திய எண் நான்கு பின்களில் பைனரியாக வரும். புதிய எண் ஒன்று உறுதியானதும் பதினைந்தாம் பின் உயரும்.

உறுதியானதும் என்றேன். 8870-ஐ நான் தேர்ந்தெடுத்த காரணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒலி ஜோடி தெரிந்ததும் அது உடனே அறிவிக்காது. வெளியே நாம் போடும் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் நிரம்பும் வரை காத்திருக்கும். நடுவில் ஜோடி கலைந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். டேட்டாஷீட் சொல்வது 300 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட். அதில் இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ 20 மில்லி விநாடி. 40 மில்லி விநாடி நீளமுள்ள ஒலியையும் தவறவிடக் கூடாது என்று எக்ஸ்சேஞ்சுக்காக வைத்த அளவு அது. பெரியப்பா விரல் வைத்தால் அரை விநாடியாவது அமுக்குவார். எனக்கு எதற்கு அந்த அவசரம்? 300 கிலோ ஓமை எடுத்துவிட்டு 1 மெக் ஓம் போட்டேன். காத்திருப்பு 65 மில்லி விநாடிக்குப் போனது. விளம்பர அம்மணிகளின் குரலில் 770-உம் 1336-உம் சேர்ந்து அவ்வளவு நேரம் நிலையாக நிற்பது மிக மிக அரிது.

அந்த மாற்றத்தால் இன்னொரு லாபம். செல்போன் அழைப்பில் குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக்குகள் மனிதப் பேச்சுக்காகச் செய்தவை. டிடிஎம்எஃப் அதில் புகுந்து வரும்போது சில சமயம் நடுவில் பிசிறும். 300 கிலோ ஓம் வைத்திருந்தபோது 5-ஐ ஒருமுறை அமுக்கினால் இரண்டு முறை பதிவாகும். ஒலி நின்றுவிட்டது என்று முடிவுசெய்ய எடுக்கும் நேரமும் அதே ரெசிஸ்டரால் கூடுகிறது. சின்னப் பிசிறுகளை ஐசி கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது.

சில கோணல்கள் உண்டு. 0-ஐ அமுக்கினால் பைனரியில் பூஜ்யம் வராது, பத்து வரும். எல்லாப் பின்னும் பூஜ்யமாக வருவது டி பொத்தானுக்கு. இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். இன்னொன்று, பழைய ஜிஎஸ்எம் போன்கள் பேசும்போது பக்கத்து ஸ்பீக்கரில் டிட்-டிட்-டிட் என்று ஒரு இரைச்சல் வருமே, அது நொடிக்கு ஏறத்தாழ 217 முறை வரும் ரேடியோத் துடிப்பு. அதன் நான்காம் மடங்கு 867 ஹெர்ட்ஸ். 852-க்கு வெகு அருகில். போனுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் சாதா வயர் ஓடவிட்டால் மூன்றாம் குறுக்கு வரிசை தொல்லைப்படும். வயரைச் சாணளவுக்குக் குறைத்து, ஷீல்டு உள்ளதாகப் போட்டேன். அதோடு 7, 8, 9 பொத்தான்களைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன்.

மைக்ரோகண்ட்ரோலர்: எல்லாம் தெரியும், சொல்லிக்கொடுத்தால்

ஜெரால்ட் கோர்ட்செல் என்ற அமெரிக்கர் 1958-இல் வெளியிட்ட ஒரு கணக்குமுறை இதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். ஒலியை முழுதாகப் பிரித்துப் போடாமல், நமக்கு வேண்டிய ஓர் அதிர்வெண் அதில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். ஒலியை அடுத்தடுத்து அளந்து எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். நொடிக்கு 8000 மாதிரி எடுத்தால் 770 ஹெர்ட்ஸுக்குப் பெருக்க வேண்டிய எண் 1.645. எட்டு அதிர்வெண்ணுக்கு எட்டு எண்கள். அவ்வளவுதான் நிரல்.

ஆர்டுவினோ உனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் உள்ள ஏடிமெகா328 சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எட்டு ஒலிக்கு நொடிக்கு 64,000 சுற்றுக் கணக்கு. ஒரு சுற்றுக்கு 250 கிளாக் மட்டுமே கிடைக்கும். தசமப் புள்ளி எண்களில் கணக்குப் போட்டால் அந்தச் சில்லுக்கு மூச்சு முட்டும். முழு எண்ணுக்கு மாற்றினால் தாராளமாக முடியும். இயர்போன் ஒலி பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும் என்பதால் இரண்டு சம ரெசிஸ்டர் வைத்து அதை இரண்டரை வோல்ட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். நடுவே ஒரு கெப்பாசிட்டரைத் தவிர வெளியே வேறு பாகம் எதுவும் தேவையில்லை. முதல் நாளே 5 தெரிந்தது. துள்ளிக் குதித்தேன்.

இரண்டாம் நாள் எஃப்எம் ரேடியோவை எதிரே வைத்தேன். அரை மணியில் பதினேழு பொத்தான்களை 'அமுக்கியிருந்தது'.

வழக்கமாக எல்லோரும் எடுப்பது 205 மாதிரி, அதாவது 25.6 மில்லி விநாடி. அவ்வளவு நேரம் மட்டும் கேட்டால் 39 ஹெர்ட்ஸுக்கு மேல் நுட்பமாகப் பிரிக்க முடியாது. 697-க்கு 3.5 சதவீதம் விலகிய ஒலி 24 ஹெர்ட்ஸ்தான் தள்ளி இருக்கும். அதை மறுக்க வேண்டும் என்பது விதி. கோர்ட்செல்லோ அதற்கும் பாதி உயரம் காட்டும். கூடுதல் நேரம் கேட்டால் கூர்மை கூடும், விரைவு போகும். 567-இன் இரண்டாம் பின் கெப்பாசிட்டர் சொன்ன அதே கணக்கு. ஐசியை மாற்றலாம், மொழியை மாற்றலாம், இந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் தப்பில்லை.

ஆகவே மீதியை நாமே எழுத வேண்டும். ஜோடி ஒலிகளின் பலம் மொத்த ஒலியில் பெரும்பங்காக இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவே எத்தனை டெசிபல் வேறுபாடு வரை பொறுப்பது? பேச்சில் ஒரு சுருதி இருந்தால் அதன் இரட்டிப்பும் கூடவே இருக்கும், பொத்தான் ஒலியில் இருக்காது. அந்த இரட்டிப்பையும் பார்த்தாயிற்றா? 205 மாதிரி கொண்ட தொகுதிகள் தொடர்ந்து மூன்றில் ஒரே விடை வந்ததா? ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க ரேடியோவின் 'அமுக்கல்' குறைந்தது. டிடிஎம்எஃப் ஐசிகளைச் சோதிக்கவே மணிக்கணக்கில் பேச்சைப் பதிந்த டேப்புகள் தொலைபேசித் துறையில் இருந்தன, மைட்டெலே ஒன்றை வெளியிட்டது. அந்த உழைப்பெல்லாம் 8870-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. நான் அதை ரேடியோவை வைத்து மறுபடி செய்துகொண்டிருந்தேன். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மோட்டார் ஓட வேண்டும் என்றால் இது சுற்றுவழி.

இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் நான் கோர்ட்செல் பக்கம் போவேன். பெட்டியில் ஏற்கெனவே ஒரு வேகமான 32 பிட் சில்லு வேறு வேலைக்காக இருந்தால், அல்லது டிடிஎம்எஃப்போடு வேறு ஒலிகளையும் கேட்க வேண்டியிருந்தால்.

லேண்ட்லைன் என்றால் கதை வேறு

அந்த 'வேறு ஒலிகள்' விஷயம் லேண்ட்லைனில்தான் எழும். செல்போனில் கூப்பிட்டவர் வைத்துவிட்டால் இந்தப் பக்கமும் தானாகத் துண்டிக்கும். லேண்ட்லைனில் நம் கருவி லைனைப் பிடித்தபடியே இருக்கும்; எக்ஸ்சேஞ்ச் பிஸி டோனை அனுப்பிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக் கருவி தானாக வைக்க வேண்டும். இந்தியாவில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். 8870-க்கு இது காதிலேயே விழாது. அமெரிக்க டயல் டோன் குழப்பாமல் இருக்க 350, 440 ஹெர்ட்ஸ்களை அடைத்துவிடும் ஃபில்டர் அதற்குள் இருக்கிறது. நம் 400 அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

567-க்குச் சரியான இடம் என்றேனே, இதுதான். ஒரே ஒலி, ஒரே ஐசி. 0.22 மைக்ரோ ஃபாரடும் 10.3 கிலோ ஓமும். பேச்சுக்கு நடுவே ஒருமுறை ஏமாந்தாலும் பரவாயில்லை. முக்கால் விநாடித் தாளம் மூன்று முறை சரியாக வந்தால்தான் லைனை விடுவது என்று வைத்துவிட்டால் போதும். தாளத்தை எந்தப் பாட்டும் அப்படிப் போடாது. சோம்பேறிகளுக்கு இன்னும் சுலபமான வழி, ஒரு நிமிடத்தில் எப்படியும் லைனை விட்டுவிடும் டைமர்.

லேண்ட்லைனில் ஒரு எச்சரிக்கை. சும்மா இருக்கும்போது லைனில் 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும்போது அதன் மேல் 75 வோல்ட் அல்லது அதற்கு மேலும் ஏசி. எந்த ஐசியையும் நேராகக் கொடுக்காதீர்கள். 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரும் 250 வோல்ட்டுக்குக் குறையாத கெப்பாசிட்டரும் நடுவே இருக்கட்டும். பொது லைனில் அங்கீகாரமில்லாத கருவியை மாட்டுவது விதிமீறலும்கூட. அதனால் வீட்டு இன்டர்காமில் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரெடிமேட் மாடியூல் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். சிம் கார்டு போட்டுக்கொள்ளும் சிம்800 ரக ஜிஎஸ்எம் மாடியூல் டிடிஎம்எஃப்பைத் தானே கேட்டு, எண்ணைச் சீரியல் வயர் வழியாக மைக்ரோகண்ட்ரோலருக்கு அனுப்பிவிடும். கூப்பிடுபவரின் எண்ணையும் சொல்லும். தெரியாத எண் என்றால் எடுக்கவே வேண்டாம் என்று வைக்கலாம், விளம்பரத் தொல்லை வேரோடு போய்விடும். ஆனால் அது 2ஜி மட்டும். 4ஜியிலேயே தொடங்கிய ஜியோவின் சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. டவருக்குச் சிக்னல் அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும்; சாதா சார்ஜரில் வைத்தால் அந்த நொடியில் ரீசெட் ஆகி நிற்கும். இன்று புதிதாகத் தொடங்குபவர் 4ஜி மாடியூலோ, புணேயின் நானோ கணேஷ் போன்ற கடைக் கருவியோ வாங்குவது புத்திசாலித்தனம். கையில் ஒரு பழைய போனும் ஒரு விடுமுறையும் இருந்தால் 8870.

தோட்டத்தில் கடைசியில் நின்றது இதுதான்: 8870, 1 மெக் ஓம், கூடவே எண்ணை வாங்கிக்கொள்ள மட்டும் ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர். மோட்டாரைப் போட மூன்று எண்கள், ஐந்து விநாடிக்குள், வரிசை தவறாமல் வர வேண்டும். ஒரு எண் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. நிறுத்த 0 ஒன்று போதும், எப்போது வந்தாலும். தவறுதலாக நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், தவறுதலாக ஓடினால்தான் காயில் கட்டப் பணம் எடுத்துவைக்க வேண்டும். ரிலே இழுத்ததும் போனின் மைக்கில் இரண்டு பீப் கொடுக்கும்படி ஒரு பஸ்ஸரும் வைத்தேன்.

பெரியப்பாவிடம் மூன்று எண்களைச் சொல்லிக்கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார், இரண்டு பீப் கேட்டது. 0-ஐ அமுக்கினார். அப்புறம் எழுந்து டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டார். "எங்க பெரியப்பா போறீங்க?" என்றேன். "நெசமாலுமே நின்னுருச்சான்னு பாத்துட்டு வந்தர்றேன் கண்ணு."